பழைய எம்எக்ஸ்-5 வாங்கலாமா? இரண்டே இருக்கை, 34 மாத சிஓஇ

கார்கோ_ஈசூன்:

எல்லாருக்கும் வணக்கம். தேசிய சேவையில் இருந்தபோது எங்கள் முகாமுக்கு ஒரு சார்ஜண்ட் கூரை திறந்த சிவப்பு மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் வருவார். வாசலில் காவலுக்கு நிற்கும் எங்களுக்கு அந்த அரை நிமிடம்தான் அன்றைய பொழுதின் நல்ல நேரம். அன்று மனதில் விழுந்தது இன்னும் போகவில்லை. இப்போது வயது 31. சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் ஷிப்ட் வேலை. ஈசூனில் நாலறை வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்.

ஒரு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். 2008-இல் பதிவானது. மூன்றாம் தலைமுறை, 2 லிட்டர் எஞ்சின், மேனுவல் கியர், பொத்தானை அழுத்தினால் மடங்கும் கெட்டிக் கூரை. 2018-இல் சிஓஇ-யை, அதாவது கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, பத்து ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறார்கள். 2028 நவம்பர் வரை ஓட்டலாம், அதாவது இன்னும் 34 மாதம். கேட்கிற விலை 42,000 வெள்ளி. இதைவிடக் குறைந்த காசில் சிங்கப்பூரில் ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பாதிக்கு மேல் கையில் இருக்கிறது.

மாதம் உண்மையில் எவ்வளவு ஆகும், நம் ஊர் மழைக்கு இந்தக் கூரை தாங்குமா என்பதை வைத்திருப்பவர்களிடம் கேட்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் மூட்டு தேய்ந்திருக்கிறது, மாதம் ஒருமுறை பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். இவ்வளவு தாழ்வான வண்டியில் அவரால் ஏறி இறங்க முடியுமா?

இன்னொன்றும் உண்டு. ஓட்டிப் பார்க்கப் போன அன்று ஒவ்வொரு சிக்னலிலும் யாராவது திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்ச சுபாவம். அது பழகிவிடுமா? மாமா வேறு, "சம்பாதிப்பதை எல்லாம் தகரத்தில் போடுகிறான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

தெம்பனிஸ்_அப்பா:

கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்களா தம்பி? அப்படியென்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைக்கு அதற்கேற்ற இருக்கை போட வேண்டும் என்பது சட்டம். கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்து வைக்கும் இருக்கையைக் காற்றுப்பை வேலை செய்யும் முன்னிருக்கையில் வைக்கவே கூடாது. இந்த வண்டியில் பின்னிருக்கையே இல்லை. பிள்ளை பிறந்தால் வண்டியை விற்றுத்தான் ஆக வேண்டும், அவசரத்தில் விற்றால் விலை போகாது. மூன்று ஆண்டுக்குள் அப்படி எதுவும் இல்லை என்றால் தாராளமாக வாங்குங்கள். நான் வாங்காமல் விட்டதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரவுப்பணி:

தம்பி, நீங்கள் பார்த்திருப்பது கிட்டத்தட்ட என் வண்டிதான். அதே தலைமுறை, அதே எஞ்சின், அதே கூரை. என்னுடையது சாம்பல் நிறம், ஆட்டோ கியர், அவ்வளவுதான் வித்தியாசம். நான் தாதி. வீடு பிடோக்கில். 2017-இல் வாங்கினேன், 2018 அக்டோபரில் சிஓஇ முடிந்ததும் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காசு. நான் புதுப்பித்தபோது பெரிய எஞ்சின் கார்களுக்கான பி பிரிவில் சிஓஇ ஏல விலையின் மூன்று மாதச் சராசரி (அதைக் கட்டித்தான் புதுப்பிக்க வேண்டும்) நாற்பதாயிரம் வெள்ளிக்குள் இருந்தது. 2023 அக்டோபரில் அதே பிரிவு 150,001 வெள்ளிக்குப் போனது. 2 லிட்டர் எஞ்சின் என்பதால் இந்த வண்டி பி பிரிவில்தான் வரும். ஆகவே 2028-இல் திரும்பப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று நம்பி வாங்காதீர்கள். சட்டப்படி முடியும், ஏனென்றால் அதைப் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறார்கள் (ஐந்து ஆண்டுக்கு மட்டும் புதுப்பித்த வண்டிக்கு மறுபடி வாய்ப்பு கிடையாது). ஆனால் கை தாங்குமா என்பது வேறு கேள்வி. 34 மாதத்தோடு முடிகிறது என்றே கணக்குப் போடுங்கள். புதுப்பித்த வண்டியைக் கடைசியில் பதிவு நீக்கும்போது அரசு திருப்பித் தரும் பார்ஃப் கழிவும் கிடைக்காது. உடைக்க எடுப்பவர் கொடுக்கும் விலைதான்.

42,000-ஐ 34 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,235 வெள்ளி. இந்த எஞ்சினுக்குச் சாலை வரி ஆண்டுக்கு ஏறக்குறைய 1,210. பத்து வயது தாண்டினால் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு கூடிக்கொண்டே போய் ஐம்பதில் நிற்கும். உங்கள் வண்டி அந்த உச்சத்தைத் தொட்டாகிவிட்டது, ஆக 1,815. மாதத்துக்கு 151. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கூரையுள்ள நிறுத்துமிடம் 110. இதுவே 1,496 வந்துவிட்டது. காப்பீடு, பெட்ரோல், ஆண்டுதோறும் பரிசோதனை, டயர், பழுது எல்லாம் இதற்கு மேல். இந்தத் தொகை போனாலும் அம்மாவின் மருத்துவச் செலவுக்குக் கைவைக்க வேண்டியிருக்காது என்றால்தான் மேற்கொண்டு யோசியுங்கள்.

உதிரிபாகம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 1989-இல் வந்த மாதிரி, 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டியைச் செய்துவிட்டார்கள். இவ்வளவு ஓடும் வண்டிக்கு எங்காவது ஒரு துண்டு கிடைத்துவிடும். என் அனுபவத்தில் கஷ்டம் பாகத்தில் இல்லை, பட்டறையில்தான். 2021-இல் ஒருநாள் கூரை பாதியிலேயே நின்றுவிட்டது. போன இடத்தில் மோட்டார் போய்விட்டது, 2,800 வெள்ளி ஆகும் என்றார்கள். பெயர் வேண்டாம். மனசு கேட்காமல் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். நடுக் கொக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன சுவிட்சில் அழுக்கு அடைத்திருந்தது. துடைத்துவிட்டார், அன்றிலிருந்து ஒழுங்காக வேலை செய்கிறது. கூரை விஷயத்தில் யார் பெரிய தொகை சொன்னாலும் இரண்டாவது ஆளைக் கேளுங்கள்.

இப்போது மழை. கூரை ஒழுகும் என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். பெரும்பாலும் கூரை ஒழுகுவதில்லை, வடிகால்தான் அடைத்துக்கொள்கிறது. கூரை மடிந்து உட்காரும் குழியின் இரண்டு மூலையிலும், இருக்கைகளுக்குப் பின்னால், தண்ணீர் வெளியே போக ஒவ்வொரு துளை இருக்கிறது. நம் சாலை நெடுகத் தூங்குமூஞ்சி மரம். அதன் இலை விரல் நகம் அளவுதான். காய்ந்து உதிர்ந்து ரப்பர் பட்டைக்கு அடியில் புகுந்து அந்தத் துளைக்குப் போய்ச் சேரும். நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கார் நிறுத்துமிடத்தின் மேல்மாடியில் வண்டியை நிறுத்திக் கூரையைப் பாதி திறந்து வைத்துக்கொள்வேன். கையுறை போட்ட விரலை மூலையில் விட்டால் கறுப்பாக, பிசுபிசுவென்று, ஊறிப்போன தேயிலைத் தூள் மாதிரி வரும். அதை எடுத்துவிட்டு, புல் வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் நரம்பைத் துளைக்குள் மெதுவாக விட்டு ஆட்டுவேன். கம்பி விடாதீர்கள், குழாய் கிழிந்துவிடும். அப்புறம் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குனிந்து பார்ப்பேன். பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் தண்ணீர் சொட்டினால் சரி. சொட்டாவிட்டால் அந்தத் தண்ணீர் வண்டிக்குள்ளே இருக்கைக்கு அடியில்தான் நிற்கும், அங்கிருந்துதான் துருவும் நாற்றமும் கிளம்பும்.

கூரை மூட 12 வினாடி போதும். ஆனால் வண்டி நின்றால்தான் நகரும். விரைவுச்சாலையில் போகும்போது மழை பிடித்தால் ஓரத்தில் நிறுத்தி மூடலாம் என்று நினைக்காதீர்கள், அந்த ஓரம் பழுதான வண்டிக்கானது. ஓடிக்கொண்டிருக்கும் வரை தூறல் தலைக்கு மேலே பறந்துவிடும். இறங்கு சாலையின் சிக்னலில் நின்றதும் மொத்தமும் மடியில் விழும். ஒருமுறை சீருடையோடு அப்படி நனைந்தேன். இப்போதெல்லாம் கிளம்புமுன் கைப்பேசியில் மழை வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொக்கியைத் திறக்கிறேன். பகல் வெயிலில் திறப்பதே இல்லை. பத்து மணிக்கே தலை காய்ந்துவிடும். கூரையை மூடி ஏர்கோன் போட்டுக்கொண்டு போனால் அதுவும் மற்றக் கார்களைப் போல ஒரு கார்தான்.

அம்மா விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். என் அம்மாவுக்கு 76 வயது, அவருக்கும் முழங்கால்தான். முதல் நாள் ஒரு காலை உள்ளே வைத்து, மற்றொரு காலில் நின்று, உடம்பை உள்ளே நுழைக்கப் பார்த்தார். வலியில் கத்திவிட்டார். அப்படி ஏறவே கூடாது. வார்டில் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைப்பது போலச் செய்யச் சொன்னேன். கதவை முழுக்கத் திறக்க வேண்டும். இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ள வேண்டும். காருக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னங்கால் இருக்கை ஓரத்தில் படும்வரை பின்னால் வந்து, முதலில் இடுப்பு உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இருக்கை மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து வைத்தால் திரும்புவது சுலபம். திரும்பியதும் பையை உருவிவிடுங்கள், அதன்மேல் உட்கார்ந்து பயணம் செய்யக் கூடாது. இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். இரண்டு கால்களும் தரையில் ஊன்றிய பிறகு நீங்கள் முன்னால் நின்று அவருடைய முன்கைகளைத் தாங்குங்கள். கைவிரலைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கைகொடுத்துத் தூக்கவும் வேண்டாம். கூரை திறந்திருந்தால் தலை இடிக்காது, அதனால் அம்மா இறங்கும்போதெல்லாம் நான் முதலில் கூரையைத்தான் திறப்பேன். பலமாடி நிறுத்துமிடத்தில் பக்கத்துக் கார் நெருக்கி நின்றால் கதவு முழுக்கத் திறக்காது. அவரை வாசலில் இறக்கிவிட்டுப் போய் நிறுத்துங்கள்.

சாமான் இடம் 150 லிட்டர். கூரை மடிந்தாலும் அது குறையாது, அதுதான் இந்தக் கூரையின் அருமை. தேக்கா சந்தையில் வாங்கும் பத்து கிலோ அரிசி, காய்கறி, ஒரு கோழி தாராளமாகப் போகும். தீபாவளிக்கு முறுக்கு டின்களோடு போகும்போது மட்டும் இரண்டு நடை அடிக்க வேண்டியிருந்தது.

திரும்பிப் பார்ப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், பார்ப்பார்கள். எட்டு ஆண்டுக்குப் பிறகும் பார்க்கிறார்கள். எனக்கு முதல் ஆறு மாதம் கழுத்தெல்லாம் இறுகிப்போகும். "புருஷன் வண்டியா?" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். அது வலித்தது. என் ஓவர்டைம் காசில் வாங்கியது என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னேன். ஆனால் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் பார்ப்பதில்லை தம்பி, வண்டியைத்தான் பார்க்கிறார்கள். ஒருநாள் மாலை காலாங் பக்கம் சிக்னலில் எனக்குப் பக்கத்தில் ஒரு லாரி. பின்னால் வேலை முடிந்து திரும்பும் ஊழியர்கள். அவர்கள் உயரத்திலிருந்து என் திறந்த வண்டிக்குள் அப்படியே பார்க்கலாம். ஒரு பையன், நம் ஊர்ப் பையன், "அக்கா, இது என்ன வண்டி?" என்று தமிழில் கேட்டான். சொன்னேன். "பின்னாடி சீட்டு இல்லையா?" என்றான். இல்லை என்றேன். "அப்போ யாரைக் கூட்டிட்டுப் போவீங்க?" என்றான். எங்க அம்மாவை என்றேன். லாரியில் இருந்த அத்தனை பேர் முகமும் மலர்ந்துவிட்டது. பச்சை விழுந்து நான் நகர்ந்தபோது கையாட்டினார்கள். அதற்குப் பிறகு எனக்குக் கூச்சம் போய்விட்டது. யாராவது பார்த்தால் நானும் பார்த்துச் சிரிக்கிறேன்.

ஏன் இவ்வளவு செலவு செய்து வைத்திருக்கிறேன் என்றால், ஓட்டுகிற சுகத்துக்காகத்தான். இந்த ஊரில் விரைவுச்சாலையிலேயே 90-க்கு மேல் போகக் கூடாது. முந்நூறு குதிரைத்திறன் உள்ள காரை இங்கே வைத்துக்கொண்டு அதன் கால்வாசியைக்கூடப் பயன்படுத்த முடியாது. இந்த வண்டி ஏறக்குறைய 1,100 கிலோதான், 160 குதிரைத்திறன், பின்சக்கர இழுப்பு. தரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் 60-இலேயே காற்றும் சத்தமும் சாலையின் மேடுபள்ளமும் உடம்புக்குத் தெரியும். மாஸ்டாக்காரர்கள் இதைக் குதிரையும் அதன்மேல் இருப்பவரும் ஒன்றாவது என்கிறார்கள், ஜப்பானிய மொழியில் ஜின்பா இட்டாய். விளம்பர வார்த்தை என்றுதான் நினைத்தேன், ஓட்டிய பிறகு ஒத்துக்கொண்டேன்.

மாலை ஷிப்ட் முடிந்து பத்து மணிக்கு மேல் வெளியே வருவேன். எம்சிஇ விரைவுச்சாலைச் சுரங்கத்தில் போனால் வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம். நான் ஷியர்ஸ் பாலத்தின் மேலே போகிறேன். பாலம் ஏறும்போது கடல் காற்று ஒரு பக்கமாக வந்து அடிக்கும். வலப்பக்கம் தூரத்தில் கப்பல் விளக்குகள். இறங்கி ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் வந்தால் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரம். இரவில் அது இலையை மடித்துக்கொள்ளும், அதனால் கிளைகளுக்கு நடுவே வானம் தெரியும். கூரை உள்ள காரில் இருந்தால் இதை நான் பார்த்திருக்கவே மாட்டேன். வார்டில் எப்படிப்பட்ட நாளாக இருந்தாலும், அந்த இருபது நிமிடத்தில் அது என்னை விட்டு இறங்கிவிடுகிறது. வீட்டுக்கு வரும்போது அம்மாவிடம் நல்ல முகத்தோடு பேச முடிகிறது.

வாங்குமுன் ஒன்று செய்யுங்கள். ஒரு டிஷ்யூ பொட்டலம் எடுத்துப்போய், இரண்டு இருக்கைக்கும் பின்னால் இருக்கும் கம்பளத்தில் வைத்து அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது.

கோப்பன்_காரன்:

தங்கச்சி எழுதியதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. விலை இன்னும் குறைய வேண்டும் என்றால் டைஹாட்சு கோப்பனையும் பார்க்கச் சொல்வேன். பதினோரு ஆண்டாக வைத்திருக்கிறேன், சுவா சூ காங்கில் எல்லாருக்கும் தெரியும் என் வண்டியை. 659 சிசி, 64 குதிரைத்திறன், டர்போ. நீளம் 3.4 மீட்டருக்குள். சிஓஇ-இல் சிறிய எஞ்சின் கார்களுக்கான ஏ பிரிவு. ஐம்பது விழுக்காடு கூடுதலோடும் சாலை வரி ஆண்டுக்கு 490 வெள்ளிக்குள் முடிந்துவிடும். பெட்ரோல் கொஞ்சம்தான் குடிக்கும். இதுவும் பொத்தானில் மடங்கும் கூரை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கூரை மடிந்தால் பின்பெட்டியில் ஒரு கைப்பை வைக்கத்தான் இடம். நீங்கள் ஆறடி என்றால் உட்கார முடியாது. ஏ பிரிவு சிஓஇ 2008 நவம்பரில் 2 வெள்ளிக்குப் போனது எனக்கு நினைவிருக்கிறது, 2023 அக்டோபரில் அதுவே 106,000. அதனால் ஏ பிரிவு என்பதற்காக மட்டும் சந்தோஷப்பட முடியாது.

எதை வாங்கினாலும் உள்ளூர் மட்டும் போதாது, கூரையைத் திறந்து மலேசியாவில் கோத்தா திங்கி பக்கம் ஒருமுறை அதிகாலையில் போய் வாருங்கள். கிளம்புமுன் பெட்ரோல் முள் முக்கால் தொட்டிக்கு மேல் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே போய் 97 ரகப் பெட்ரோல் போடுங்கள், 95 நம் சிங்கப்பூர் வண்டிக்குக் கிடையாது. உள்ளூரில் என்றால் ஞாயிறு காலை ஓல்டு அப்பர் தாம்சன் ரோடு. 1961 முதல் 1973 வரை அந்தச் சாலையில்தான் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. என் அப்பா சின்னப் பிள்ளையாக இருந்த என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். இன்றைக்கு அங்கே 40-இல் போனாலும் அந்த வளைவுகளில் எனக்கு அப்பா ஞாபகம்தான்.

கார்கோ_ஈசூன்:

அக்கா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. தெம்பனிஸ் அண்ணன் கேட்டதற்கு: கல்யாணப் பேச்சு இப்போதைக்கு இல்லை.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். முந்தின இரவு நல்ல மழை. டிஷ்யூவை இடப்பக்கம் அழுத்தினேன், காய்ந்தே வந்தது. ஓட்டுநர் பக்கம் அழுத்தினேன், சொத்சொத்தென்று நனைந்துவிட்டது, லேசாகப் பழுப்பு நிறம் வேறு. விற்பவரிடம் காட்டினேன். நல்ல மனிதர், அவருக்கே தெரியவில்லை. 39,500-க்குத் தருகிறேன் என்கிறார். அந்தப் பழுப்பு துருவா, இலைச் சாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அம்மாவும் கூட வந்திருந்தார். அக்கா சொன்ன முறையை வீட்டுச் சோபாவில் மூன்று நாள் பழகிவிட்டு வந்தார். பிளாஸ்டிக் பையோடு ஏறினார், இறங்கினார், வலிக்கவில்லை என்றார். திரும்ப ஒருமுறை ஏறி உட்கார்ந்துகொண்டு, "கூரையைத் திற, பார்க்கலாம்" என்றார்.

இரவுப்பணி:

கம்பளத்தைத் தூக்கிப் பார்க்காமல் சொல்ல முடியாது தம்பி. ஓட்டுநர் இருக்கையை முன்னால் தள்ளி, பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கழற்றினால் கம்பளம் மேலே வரும். அடியில் உள்ள தகரத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். பழுப்பு துணியோடு வந்து, கீழே பெயின்ட் பளபளவென்று இருந்தால் அது இலைச் சாறு, வடிகாலைச் சுத்தம் செய்தால் போதும். பெயின்ட் கொப்பளித்திருந்தால், நகத்தால் தட்டும்போது பொறுக்கு உதிர்ந்தால், அது துரு. அப்படியென்றால் 39,500-க்கும் வேண்டாம், வேறு வண்டி வரும்.

வருகிற சனிக்கிழமை எனக்கு ஓய்வு நாள். விற்பவர் சம்மதித்தால் நேரம் சொல்லுங்கள், நைலான் நரம்போடு வருகிறேன். அம்மாவையும் கூட்டி வாருங்கள்.